ஒரு பக்க மனு

எழுபதுகளின் கடைசியில் ஒரு காலை, ரிங்லெட் ஊரிலிருந்து மலைமேல் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள்.

“எனக்கு அந்தச் சட்டத்து மேல பொறாமையா இருக்கு, பார்வதி,” என்றாள் மூத்தவள்.

“சட்டத்து மேலயாக்கா?”

“ஆமாலா. தோட்டத்துக் கணக்கு எழுதுற கிராணி பேப்பர் படிச்சு சொன்னாரு. மத்தியானம் பார்லிமெண்ட்டுக்குக் கொண்டாந்தாங்களாம். சாயங்காலமே ஓட்டுப் போட்டு முடிச்சிட்டாங்களாம். படிக்க ரெண்டு நாள் குடுங்கன்னு ஒருத்தர் கேட்டாராம். நேரமில்லைன்னுட்டாங்களாம்.”

“என்ன சட்டமாம்?”

“யாருக்குத் தெரியும்? கை தூக்குனவங்களுக்கே தெரியாதாம்.”

பார்வதி சிரித்தாள். மூத்தவள் சிரிக்கவில்லை.

“நீயும் நானும் ஒரே நாள்லதான் பிரஜாவுரிமைக்கு மனு போட்டோம். உனக்கு நீலக் கார்டு வந்து மூணு வருசமாச்சு. நான் இன்னும் சிவப்புக் கார்டை வச்சுக்கிட்டு பதிவு ஆபீசுக்கு நடக்கிறேன்.”

“இன்னைக்குப் போய்க் கேட்டுப் பாப்போம்க்கா.”

“பரிசீலனையில இருக்கும்பாங்க. என் மனு ஒரே பக்கந்தான். பதினொரு வருசமா படிக்கிறாங்க.”

பார்வதி அவள் கையைப் பிடித்தாள். அவள் கையை விடுவித்துக்கொண்டு, பதிவு ஆபீஸ் இருந்த தானா ராத்தாவில் தனியாகவே இறங்கிப் போனாள்.