மவுண்டிங் அறுந்திருக்கிறது

என்னைக் கூட்டி வந்த உங்கள் ஸ்டேஷன் வண்டியில் பின்பக்க இடது சக்கரத்தின் பேரிங் போய்விட்டது. மறந்துவிடுவேன் என்பதால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். வரும் வழியிலேயே டிரைவரிடம் சொன்னேன். "அதெல்லாம் போன வாரந்தான் மாத்தினோம்" என்றார். மாற்றிய பேரிங் போகக்கூடாது என்று ஏதாவது சட்டம் இருக்கிறதா என்ன? வண்டி விஷயத்தில் என் வாயில் வந்தது இதுவரை பொய்த்ததில்லை. அவரும் ஒரு நாள் தெரிந்துகொள்வார்.

என் பட்டறைக்கு வருகிறவர்கள் என்னை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டி வாசலில் திரும்பும்போதே வியாதியைச் சொல்லிவிடுவேன். பானெட்டைத் திறப்பதெல்லாம் பிறகு, ஒரு சம்பிரதாயத்துக்கு. ஒருமுறை ஒரு வாத்தியாரின் வண்டியில் கிளட்ச் தட்டு தேய்ந்துவிட்டது என்றேன். கழற்றிப் பார்த்தால் தட்டு பளபளவென்று இருந்தது. வாத்தியார் டீ குடிக்கப் போயிருந்தார். கிரைண்டரில் கொஞ்ச நேரம் பிடித்தேன், தேய்ந்துவிட்டது. திரும்பி வந்தவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "டாக்டர்னா சும்மாவா" என்றார். அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. இதை மோசடி என்று எழுதிக்கொள்ளாதீர்கள். ஓட ஓட எப்படியும் தேயப்போகிற தட்டுதான். நான் கொஞ்சம் முந்திக்கொண்டேன், அவ்வளவுதான்.

மாப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். என் தங்கையின் கணவர், பல் வைத்தியர். நல்ல மனிதர். இதை யார் கேட்டாலும் சொல்வேன், நீங்கள் கேட்காமலே சொல்கிறேன். ஏறினால் முழங்கால் முகவாயில் இடிக்கிற மாதிரி மஞ்சள் நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார், யாரோ ஓட்டிச் சலித்ததை ஆசையாக வாங்கியிருந்தார். கொஞ்ச நாளில் அது தொல்லை கொடுக்க ஆரம்பித்தது. சிக்னலில் நின்றால் ஸ்டியரிங் நடுங்கியது. ரிவர்ஸ் போட்டால் அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். பட்டறை வாசலில் அந்தச் சத்தத்தைக் கேட்டதுமே சொல்லிவிட்டேன்: "எஞ்சின் மவுண்டிங் அறுந்திருக்கு மாப்பிள்ளை."

மவுண்டிங் என்றால், எஞ்சினை வண்டியின் உடம்போடு சேர்த்துப் பிடித்திருக்கிற ரப்பர் வைத்த தாங்கி. அது அறுந்தால் எஞ்சின் இருந்த இடத்தில் இருக்காது. எம்பும், இடிக்கும், பக்கத்திலிருப்பதையும் சேர்த்துக் கெடுக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் சாப்பாடு. எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். அவர் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "மச்சான், கம்பெனி சர்வீஸ்ல காட்டினேன். மவுண்டிங் நல்லாத்தான் இருக்காம். சைலன்சரைத் தொங்கவிடற ரப்பர் ஒண்ணு வெடிச்சிருக்காம். அதான் இடிக்குதாம்."

என் மனைவி சிரித்தாள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இத்தனை வருடம் நான் சொன்ன எந்த வேடிக்கைக்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. "அண்ணனுக்கும் ஒரு தடவை தப்பாகட்டுமே" என்றாள் தங்கை. மாப்பிள்ளைக்கு என் முகத்தைப் பார்த்துப் பாவமாகிவிட்டது போல. "விடுங்க மச்சான். நானே ஒருத்தருக்கு நல்ல பல்லைப் புடுங்கியிருக்கேன். மன்னிப்புக் கேட்டுக்கிட்டேன். என்ன பண்றது, மனுஷங்கதானே" என்றார்.

சிரித்துக்கொண்டே சொன்னார். நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டு அதை நாலு பேர் சாப்பிடுகிற இடத்தில் சொல்கிறவரிடம் என்ன பேச முடியும்? நானாக இருந்தால் அந்தப் பல் சொத்தையாகத்தான் இருந்திருக்கும். எனக்குக் கோபம் வரவில்லை. அவமானமாக இருந்தது.

"அந்த ரப்பரை மாத்தறதுக்கு முன்னாடி பட்டறைக்கு ஒரு தடவை கொண்டுவாங்க. உங்க கண்ணாலயே பார்த்துடலாம்" என்றேன். மறுநாளே வந்தார். அவர் குணம் அது, பெரியவர்கள் சொன்னால் தட்டமாட்டார்.

உங்களிடம் எதையும் மறைக்கப்போவதில்லை. அவர் கை கழுவப் போன நேரத்தில் டார்ச் அடித்து மவுண்டிங்கைப் பார்த்தேன். ரப்பரில் வெடிப்பு இல்லை, கசிவு இல்லை, இடம் நகர்ந்த தடயமும் இல்லை. கம்பியை உள்ளே விட்டு நெம்பியும் பார்த்தேன். அசையவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிவதை அப்படியே நம்புவதற்கு என்னை எதற்கு டாக்டர் என்கிறார்கள்?

கடைசியாக ஒரு சோதனை உண்டு. பானெட்டைத் திறந்து வைத்து, ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை முழுக்க மிதித்தபடி, கியரை டிரைவில் போட்டு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்த வேண்டும். மவுண்டிங் அறுந்திருந்தால் எஞ்சின் எம்பிக்கொண்டு எழும். நன்றாக இருந்தால் லேசாக ஒரு குலுக்கு, அதற்குமேல் ஒன்றுமிருக்காது. இன்னொருவர் வெளியே நின்று அதைப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். கியரில் இருக்கிற வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக்கூடாது. தொழிலுக்கு வந்த அன்றே சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. என் தங்கைக்கே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் எனக்காக எஞ்சினைப் பார்த்துச் சொன்னவள் அவள்தான்.

வண்டி பட்டறையின் பின்சுவரைப் பார்த்து நின்றது. நான்தான் அப்படி நிறுத்தினேன்.

"நான் எங்க மச்சான் நிக்கணும்?" என்று கேட்டார்.

"நேரா முன்னாடி வந்துடுங்க. அங்கதான் ரெண்டு பக்கமும் தெரியும்" என்றேன். அது பொய்யில்லை. முன்னால் நின்றால் இரண்டு பக்கமும் நன்றாகவே தெரியும்.

இந்த இடத்தில் என்னைத் தவறாக நினைக்காதீர்கள். அவரை அங்கே நிறுத்தியபோது என் மனத்தில் தீர்மானம் எதுவும் இல்லை. எஞ்சின் எழுந்திருந்தால், "பார்த்தீங்களா மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு இறங்கியிருப்பேன். இரண்டு பேரும் டீ குடித்திருப்போம். எல்லாமே எஞ்சின் கையில்தான் இருந்தது.

அழுத்தினேன். பானெட் தூக்கியிருந்ததால் அவர் முகம் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது. "ஆடவே இல்லையே மச்சான்." இன்னும் அழுத்தினேன். சத்தம் பட்டறை முழுக்க நிறைந்தது. "இல்ல மச்சான், அப்படியேதான் இருக்கு." பிறகு கொஞ்சம் தயங்கி, மிகவும் அன்பாக, "பரவால்ல விடுங்க, வீட்ல யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றார்.

அவர் சொல்லமாட்டார், எனக்குத் தெரியும். அவர் வாக்கு மாறாதவர். ஆனால் அவருக்குத் தெரிந்திருக்குமே. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என்னைப் பார்த்து, சொல்லாமல் இருந்துகொண்டே இருப்பாரே. ஒரு மனிதனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை உங்கள் புத்தகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

செருப்பில் எண்ணெய் ஒட்டியிருந்ததால் கால் வழுக்கிவிட்டது என்று முதலில் வந்த அதிகாரியிடம் சொன்னேன். என் செருப்பில் எப்போதும்தான் எண்ணெய் இருக்கிறது. கால் வழுக்கியதே இல்லை. பிரேக்கிலிருந்து காலை நான் எடுத்தேன். ஆக்சிலேட்டரிலிருந்து எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லாரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மேல என்ன தப்பு, விதி" என்றாள். தங்கை மட்டும் அழவில்லை. "பக்கத்துலதானே நிக்கணும். எனக்கு அப்படித்தானே சொல்லிக்குடுத்தே. அவரை ஏண்ணா முன்னாடி நிக்க வெச்சே?" என்று கேட்டாள். அவ்வளவு துக்கத்திலும் கோளாறு எங்கே என்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. பெருமையாகவும் இருந்தது, என்னிடம் கற்றவள் அல்லவா. அவள்தான் உங்களிடம் வந்தாள் என்று தெரியும். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை.

மாப்பிள்ளையைக் கொன்றது நான்தான். தெரிந்தே செய்தேன். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதற்குக் கீழேயே இன்னொன்றையும் எழுத வேண்டும். அந்த வண்டி உங்கள் பொறுப்பில்தான் இருக்கிறது. உங்கள் ஆளைவிட்டுப் பானெட்டைத் திறக்கச் சொல்லுங்கள். சுவரில் மோதிய வேகத்துக்கு எஞ்சின் நிச்சயம் இடம் பெயர்ந்திருக்கும். கம்பெனி சர்வீஸ்காரர்களையும் கூப்பிடுங்கள், என் மனைவியையும் கூப்பிடுங்கள், எல்லாரும் வந்து பார்க்கட்டும். மவுண்டிங் அறுந்திருக்கிறது என்று முதலில் சொன்னவன் நான்.