ஜீவிதாவின் முன்பல்

திண்டுக்கல் வெயிலில் சால்வை போர்த்திக்கொள்வது சின்ன தண்டனைதான். ஆனாலும் போட்டோகிராபர் சங்கத்தார் போர்த்தியபோது நான் மறுக்கவில்லை. கூடவே ‘கணினிச் செம்மல்’ பட்டமும் கொடுத்தார்கள். ஸ்டூடியோக்காரர்கள் தங்கள் படங்களை அடுக்கிவைக்க நான் ஒரு சாஃப்ட்வேர் எழுதியிருந்தேன்.

புதுப் போன்கள் எடுக்கும் படங்கள் வேறு ரகம்; என் சாஃப்ட்வேரில் திறக்காது. திறக்க வைக்கிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். சங்கத்தலைவர் ராயப்பராஜுக்கு நாகல் நகரில் ஸ்டூடியோ. மறுநாளே வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் பிடித்து, குத்துவிளக்கு ஏற்ற ஆளும் சொல்லிவிட்டார்.

“பழனிக்குமாரு, பேனர்ல ‘உலகத் தரம்’னு போட்டாச்சு. கவுத்துறாதப்பு.”

கவிழ்க்கவில்லை. அந்த ரகப் படம் ஒவ்வொன்றுக்குள்ளும் தபால்தலை அளவில் ஒரு குட்டிப் படமும் இருக்கும். முழுப் படத்தைப் பிரித்தெடுக்க நாள் போதவில்லை. குட்டிப் படத்தை மட்டும் எடுத்துத் திரையில் வரிசையாகக் காட்டினேன். கைதட்டினார்கள்.

என் சாஃப்ட்வேரின் வழக்கப்படி, ஒரு படத்தைத் தன் ரகத்துக்கு மாற்றி முடித்ததும் மூலப் படம் தானாக அழிந்துவிடும். அதை நிறுத்த ஒரு வரி போதும். விழா அவசரத்தில் மறந்துவிட்டதாகத்தான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். மறக்கவில்லை. மூலம் கிடந்தால் யாராவது ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

ஆத்தூரில் சம்பங்கித் தோட்டம் போட்டிருக்கும் பேச்சாயியக்கா, மகள் ஜீவிதாவின் படங்களைப் போனிலிருந்து ராயப்பராஜ் கடைக் கணினியில், என் சாஃப்ட்வேரில் ஏற்றிவிட்டுப் போயிருந்தார். பத்தொன்பது வயதுப் பெண், காய்ச்சலில் போய்விட்டாள். எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று நான்தான் சொன்னேன். அதை நம்பிப் போனில் இருந்ததையெல்லாம் அழித்து, தம்பி மகளுக்குக் கொடுத்துவிட்டார். வேறு படம் கிடையாது. வருஷத் திதிக்குச் சட்டம் போட்ட பெரிய படம் வேண்டும் என்று வந்து நின்றார்.

தபால்தலையைப் பெரிதாக்கினால் வெறும் மங்கல். ஏஐயிடம் கொடுத்தேன். ஒரு நிமிடத்தில் ஒரு முகத்தைக் கட்டிக் கொடுத்தது.

ராயப்பராஜ் பார்த்துவிட்டு, “ஏலே, யாருடா இது, சினிமாக்காரி கணக்கா?” என்றார்.

“ஜீவிதாண்ணே.”

“சரி சரி, சட்டம் போடு.”

பேச்சாயியக்கா படத்தை மடியில் வைத்துக்கொண்டு விரலால் தடவினார்.

“எம்புள்ளைக்கு முன்பல்லு ஓரத்துல உடைஞ்சிருக்குமே தம்பி. மோட்டார் ரூம் படியில விழுந்துல்ல உடைச்சா.”

“போன்ல இருந்த படந்தான்க்கா. ஒரு வருஷம் ஆச்சுல்ல, நீங்க மாத்தி நினைக்கிறீக.”

முந்தானையால் படத்தின் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, “இருக்கும் தம்பி. எனக்குத்தான் புத்தி தடுமாறுது,” என்றார்.

திதிக்கு நானும் போயிருந்தேன். மரியாதைக்குப் போகத்தானே வேண்டும். மாலை போட்ட படத்தின் முன்னால் பேச்சாயியக்காவின் கணவர் சடையாண்டி, “பல்லு அப்புடி இல்லையேடி,” என்று ஆரம்பித்தார்.

“கம்முனு இருய்யா. பெத்தவளுக்குத் தெரியாதா? உடைஞ்சதெல்லாம் நம்ம நினைப்பு,” என்று அதட்டிவிட்டு, எனக்கு இலை போடச் சொன்னார் பேச்சாயியக்கா. நான் சாப்பிட்டேன்.

ஊர் திரும்பியதும் அந்தக் குட்டிப் படத்தைத் திறந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். பல் ஓரத்தில் கடுகளவு ஒரு கருப்பு தெரிந்தது. உடனே அதையும் அழித்தேன். பெற்ற தாய் ஒருவழியாக மனதைத் தேற்றிக்கொண்டிருக்கிறார். நாம் போய்க் குழப்பக் கூடாது.