காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவர்களுக்கு

மாலை நான்கு ஐம்பத்திரண்டு. செய்தி வந்தபோது கம்ப்யூட்டர் மூலையில் அந்த நேரம்தான் இருந்தது. ஏன் அதைப் பார்த்தேன் என்று தெரியவில்லை.

மேடையில் இருக்கும் போதகர் கிருபானந்தம் ஐயா அவர்களே, சபை மூப்பர்களே, சித்தூரிலிருந்தும் திருப்பதியிலிருந்தும் இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் அன்பர்களே, என் மனைவியிடம் காது சோதித்துக்கொண்ட பெரியவர்களே, வணக்கம். நான் கிளமென்ட். ஆடியாலஜிஸ்ட் அபிகாயிலின் கணவன். வணக்கம் சொல்லித்தான் தொடங்க வேண்டும் என்று ஐயா சொல்லியிருந்தார். நேரத்தை முதலில் சொல்லிவிட்டேன். மன்னியுங்கள்.

எங்கள் கிளினிக்கில் சத்தம் புகாத அறை ஒன்று உண்டு. அன்று ஹெட்போன் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்து, சோதனை மெஷினின் அளவுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ரிசப்ஷனில் இருக்கும் பிரேமலதா கதவைத் தட்டியிருக்கிறார். கேட்கவில்லை. உள்ளே வந்தே பேசினார். உதடு மட்டும் அசைந்தது. ஹெட்போனைக் கழற்றினேன்.

"சார், புத்தூர் கேம்ப்ல மேடம் மயங்கி விழுந்துட்டாங்களாம். திருப்பதிக்குக் கூட்டிக்கினு போற வழியிலயே..."

வழியிலேயே அபிகாயில் போய்விட்டாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று டாக்டர் பிறகு விளக்கினார். முப்பத்துமூன்று வயது! நான் இன்ஜினியர். எந்தக் கருவி பழுதானாலும் எங்கே பழுது என்று தேடிப் பிடித்துவிடுவேன். இதை எங்கே தேடுவது? யாரைக் கேட்பது?

அபிகாயிலுக்குச் சிறுவயதுக் காய்ச்சலில் இரண்டு காதும் மங்கின. பள்ளியில் கருவியை முடியால் மறைத்தே படித்தாள். பிறகு, மற்றவர்களுக்குக் கருவி பொருத்தும் வேலைக்கு வந்ததும், முடியை ஏற்றிக் கட்டி, பளிச்சென்ற சிவப்பில் கருவி போட்டுக்கொண்டாள். யாராவது வெட்கப்பட்டால், "கண்ணாடி போடறவங்க மூக்க மூடிக்கினா போறாங்க?" என்பாள்.

அவளிடம் வருகிறவர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை. வீட்டில் யாரோடு அதிகம் சண்டையோ, அவரையும் கூட்டிவர வேண்டும். பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆன ரங்கையா, அப்படித்தான் தன் மனைவி தாட்சாயணி அம்மாளோடு வந்தார்.

"டிவி சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்குது மேடம். நான் கூப்பிட்டா மட்டும் இவருக்குக் கேக்காது."

"கேக்குது மேடம். என்னா சொல்றான்னுதான் புரியல. புரியாத வரைக்கும் நிம்மதி."

"அப்போ இன்னியோட உங்க நிம்மதி போச்சு ஐயா," என்றாள் அபிகாயில்.

அவர் சொன்னதுதான் உண்மை என்று தாட்சாயணி அம்மாளுக்கு விளக்கினாள். வயதானால் பலருக்கும் முதலில் மெல்லிய, கூர்மையான ஒலிகள்தான் போகும். சத்தம் வந்து சேரும், சொல் வந்து சேராது. கத்தினால் சத்தம்தான் கூடும். முகத்துக்கு நேராக, நிதானமாகப் பேசினால் போதும். 'வேண்டுமென்றே கேட்காத மாதிரி இருக்கிறார்' என்று இத்தனை வருடம் திட்டிய அந்த அம்மா, அன்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த வாரமே ரங்கையா கருவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். "பாத்திரம் கழுவற சத்தம் இடி மாதிரி விழுது மேடம்!"

"உங்க மூளை இத்தினி வருசம் லீவுல இருந்துச்சு. டூட்டிக்கு வந்த மொத வாரம் கஷ்டமாத்தான் இருக்கும். தினமும் போடுங்க. கொஞ்சம் கொஞ்சமா நேரத்தைக் கூட்டுங்க. அப்பவும் முடியலைன்னா நான் சத்தத்தைக் கொறைச்சுத் தர்றேன். ஆனா பொட்டியில மட்டும் வெக்காதீங்க."

இதே சபையின் பாடகர் குழுவில் இருக்கும் கிருபாபாய் ஆன்ட்டி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கருவி போட்டுவந்தார். மற்ற நாளெல்லாம் அது பட்டுப்புடவையோடு பீரோவில்! அபிகாயில் ஒவ்வொரு வாரமும் சண்டை போட்டாள். ஒருவழியாக ஆன்ட்டி தினமும் போடத் தொடங்கினார்.

அடக்கத்தன்று ஆன்ட்டியிடம் ஏதோ சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. கருவி எங்கே என்று ஜாடையில் கேட்டேன். கைப்பையைத் தட்டிக் காட்டினார்.

"துக்கத்துக்குப் போட்டுக்கினு வர்ற சாமானா தம்பி இது? கம்மலைக் கழட்டும்போதே இதையும் கழட்டிட்டேன்."

மரியாதைக்காகத்தான் செய்தார். இப்போது இங்கிருந்து பார்க்கிறேன். முதல் மூன்று வரிசையிலும் அவள் கருவி பொருத்திய காதுகள் எனக்குத் தெரியும். ஒன்றில்கூடக் கருவி இல்லை. அவளுக்காக எல்லோரும் கழற்றிவிட்டீர்கள். இவ்வளவு நேரம் நான் பேசியது யாருக்குக் கேட்டது?

அவள் இருந்திருந்தால் மேடையிலிருந்து இறங்கி வந்து ஒவ்வொருவரையும் திட்டியிருப்பாள். எனக்குத் திட்டத் தெரியாது. இந்தத் துக்கத்தில் கழற்றியவர்கள் திரும்பப் போடாமலே இருந்துவிட்டால்? அவள் செய்ததெல்லாம் பீரோவுக்குள் போய்விடுமே! பக்கத்தில் இருக்கும் கேட்கிறவர்களே, அவர்கள் தோளைத் தொடுங்கள். முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். கத்த வேண்டாம்.

தாட்சாயணி அம்மா ரங்கையாவிடம் சொல்வது எனக்கே கேட்கிறது. "எடுத்து மாட்டு! அந்தப் பிள்ளை உனக்குத்தான் சொல்லிக்கினு இருக்குது." நன்றி அம்மா.

அதோ ஒரு விசில். கருவி காதில் சரியாக உட்காருவதற்கு முன் வரும் சத்தம்தான், யாரும் பயப்பட வேண்டாம். இன்னொன்று. கிருபாபாய் ஆன்ட்டி, இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள். சரி.

இப்போது கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். திங்கட்கிழமை கிளினிக் திறக்கும். திருப்பதியிலிருந்து வேறொரு ஆடியாலஜிஸ்ட் வாரத்தில் இரண்டு நாள் வர ஒப்புக்கொண்டிருக்கிறார். கருவியின் டியூப் மாற்றுவது, ஈரம் போக்குவது, சுத்தம் செய்வது என் பொறுப்பு. மெஷினை நான் பார்த்துக்கொள்வேன். ரங்கையா வீட்டுச் சண்டையை யார் பார்ப்பது? இதற்கு மேல் என்ன வாக்குக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அவளுடைய கருவி இரண்டையும் ஆஸ்பத்திரியில் ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்கள். பழக்கத்தில் தினமும் சார்ஜில் போடுகிறேன். காலையில் சார்ஜர் பெட்டியிலிருந்து எடுத்ததும் அவை தாமாக ஆன் ஆகி என் போனோடு சேர்ந்துகொள்கின்றன. கூட்டத்தில் நான் போனில் மெதுவாகப் பேசினாலும் அவள் காதுக்கு நேரே போகட்டும் என்று நான்தான் அப்படி அமைத்தேன். இன்று காலையும் திரையில் வந்தது: அபி, இணைந்தது. வலது நூறு சதவீதம், இடது நூறு சதவீதம். பேசலாம் என்கிறது போன். என்ன பேச?

உங்கள் கருவிகளைத் தயவுசெய்து அணைக்காதீர்கள். என் போனை நான் அணைத்துவிட்டேன்.