கடலுக்கு அப்புறம் மலை

எனக்குப் பயணம் போகப் பிடிக்காது. அடுத்தவர்களை அனுப்பிவைக்கத்தான் பிடிக்கும். டிக்கெட் போடும் அலுவலகத்தில் உட்கார்ந்தே தலை நரைத்தவள் நான். எந்த ஓட்டலில் கொசுக்கடி, எங்கே வெந்நீர் வராது, எல்லாம் அத்துப்படி. தங்கை என்னிடம்தான் வந்தாள். வேறு யாரிடம் போவாள் சார்?

நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான். அவளுக்கும் கல்யாணம் அமையவில்லை, எனக்கும் அமையவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வருவாள். டீயை ஆற்றிக்கொண்டே அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களைப் போலப் பேசிக் காட்டுவாள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கும். முட்டிவலிக்கு டாக்டர் நீந்தச் சொன்னதும் நீச்சல் குளத்துக்குப் போனாள் பாருங்கள், அங்கே வந்து ஒட்டிக்கொண்டவள்தான் அந்த நீச்சல்காரி. பள்ளிக்கூட டீச்சர். ஒன்றுமில்லாததற்கெல்லாம் கெக்கெக்கென்று சிரிப்பாள். அதற்கப்புறம் தங்கை வீட்டுக்கு வரும்போதே எல்லாவற்றையும் சொல்லிச் சிரித்து முடித்திருப்பாள். எனக்கு மிச்சம், களைப்பும் ஈரத் துண்டும்.

ஒரு நாள் ஈரத் தலையோடு என் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

"அக்கா, நானும் அவளும் ஸ்கூபா கத்துக்கப் போறோம். நல்ல தீவா பாத்துச் சொல்லு. பாஸ் பண்ணினா சர்டிபிகேட்கூட உண்டு."

"குளிக்கவே வெந்நீர் கேக்கற ஆளு நீ. கடலுக்கு அடியில போய் என்னடி பண்ணுவ?"

"மீனுக்குக் கண்ணாடி விப்பேன். நீயும் வாயேன்க்கா."

வாயேன் என்றது ஒரு மரியாதைக்கு. எனக்குத் தெரியாதா?

நான் நன்றாகவே திட்டம் போட்டேன். மழையில்லாத மாதம், அலையில்லாத பக்கம், புதியவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லித்தரும் பள்ளி. பள்ளியின் மேனேஜரிடம் நானே பேசினேன். தங்கமான மனுஷர். கடைசியாகக் கடலில் இறங்கிய பிறகு ஒரு நாளாவது விமானம் ஏறக் கூடாது, மலைமேலும் போகக் கூடாது என்றார். ஆழத்தில் உடம்பில் சேர்ந்த வாயு மெல்லத்தான் வெளியேற வேண்டுமாம். அதற்குள் உயரத்துக்குப் போனால், சோடாவைத் திறந்த மாதிரி ரத்தத்தில் குமிழி கட்டுமாம். கை கால் மரத்துப்போனால் தாமதிக்காமல் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். சரிங்க என்றேன்.

விமானத்தைத் தள்ளிப் போட்டேன். கடைசி நாள் கடலிலிருந்து ஏறியதும் தங்குவதற்கு, அதே தீவில் மலை உச்சியில் ஒரு பங்களா எடுத்தேன். மேகம் ஜன்னலுக்குக் கீழே நிற்கும் இடம். அக்காவின் பரிசு, கார் வந்து நிற்கும்வரை அவர்களுக்கே தெரியாது. மலை ஏறக் கூடாது என்று பாடத்திலும் இருந்திருக்கும். ஆனால் அக்கா அனுப்பிய கார் என்றால் என் தங்கை யோசிக்க மாட்டாள்.

பெரிதாக ஒன்றும் நான் நினைக்கவில்லை. கொஞ்சம் மூட்டுவலி, கொஞ்சம் தலைசுற்றல். கடலும் வேண்டாம், அந்தச் சிநேகிதமும் வேண்டாம் என்று வீடு வந்து சேருவாள். அவ்வளவுதான்.

விளக்கு வைக்கிற நேரத்தில் போன் வந்தது.

"அக்கா, பங்களா பிரமாதம். ஆனா இடுப்புக்குக் கீழ மரமரன்னு இருக்கு. இவ வேற, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு உயிர எடுக்கறா."

பின்னால் நீச்சல்காரியின் குரல் கேட்டது. "நீங்களாவது சொல்லுங்கக்கா. நிக்கவே தடுமாறுறாங்க."

"அவ ஒரு பயந்தாங்கொள்ளி. அவ்வளவு தூரம் கார்ல கால மடக்கி உக்காந்தா அப்படித்தான் இருக்கும். மேனேஜர்கிட்ட இப்பதான் பேசினேன், பயப்பட ஒண்ணுமில்லையாம். போத்திக்கிட்டுத் தூங்கு."

"நீ சொன்னா சரிக்கா."

அவள் வாயால் அதைக் கேட்டு எத்தனை காலமாயிற்று. அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. இனி நடக்க மாட்டாள் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். நீச்சல்காரிக்கு ஒரு தும்மல்கூட இல்லை. அது ஒன்றுதான் எனக்கு மனசை உறுத்துகிறது. மேனேஜரைத் தேடிப் போய், நான் பேசினேனா என்று கேட்டதும் அவள்தானே? அன்றைக்கு நான் தம்மிடம் பேசவே இல்லை என்று அவர் சொன்னது உண்மைதான். தெரிந்துதான் மலைக்கு அனுப்பினேன். தெரிந்துதான் தூங்கச் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள்.

அவளை வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம். தலை வாரிவிடுவேன், முதுகு தேய்த்துவிடுவேன். எங்கேயாவது போகணும் என்று அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நான் இந்த லாக்கப்பில் இருக்கும்வரை அவளுக்குத் துணை யார் சார்? நீச்சல்காரியா? அவள் வேண்டாம். வேறு யாரை வேண்டுமானாலும் வையுங்கள். அன்றைக்கு மலையில் பக்கத்திலேயே இருந்தும் என் தங்கையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகாதவள் அவள்.