பன்னிரண்டு கண் வலை

மேடையில் வீற்றிருக்கும் போதகர் அவர்களே, ஹெய்மோ ஏரி நீர்ப்பங்காளர் சங்கத்தின் தலைவர் வெய்யோ அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, முன்வரிசையில் மடியில் பையோடு அமர்ந்திருக்கும் லஹ்யா அவர்களே, மீன் சூப் ஆறுவதற்குள் இவன் முடிப்பானா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் ஊர் மக்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

இருபத்தாறு கோடைக்காலம் நம் ஏரியில் வலை போட்டு, மீனை எண்ணி, அளந்து, வயது கணித்து, எவ்வளவு பிடிக்கலாம் என்று நமக்குச் சொல்லி வந்த மீன்வள ஆய்வாளர் தெல்லெர்வோ ஹூஸ்கோ அம்மையாரை இன்று காலை மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்திருக்கிறோம். சங்கத்தின் முன்னாள் தலைவன் என்ற முறையில் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். ஏன் அழைத்தார்கள்? இந்த ஊரில் அந்த அம்மையாரோடு அதிகம் சண்டை போட்டவன் ஊர்போ நிஸ்கலா, அதாவது நான். அவன் இரண்டு வார்த்தை பேசிவிட்டு உட்கார்ந்துவிடுவான் என்று நினைத்தார்களோ என்னவோ. எனக்குச் சந்தேகம் பிறவிக்குணம். மன்னிக்கவும்.

எனக்கு முன்னால் நான்கு பேர் பேசினார்கள். நான்கு பேரும் "ஈடு செய்ய முடியாத இழப்பு" என்றார்கள். முதல் முறை கேட்டபோது தலையாட்டினேன். நான்காம் முறை கேட்டபோது பொறி தட்டியது. வரும் வியாழக்கிழமை செயற்குழு கூடுகிறது. நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவது பொருள், ஆய்வு வலை போடுவதை நிறுத்துவது. இனி மீனவர்கள் எழுதித் தரும் கணக்கே போதுமாம். ஈடு செய்யவே முடியாதவர் என்றால் அவர் இடத்துக்கு ஆள் தேட வேண்டியதில்லை அல்லவா? அவரைப் புகழ்கிறோமா, அல்லது புகழ்ந்தபடியே அவர் வேலையையும் சேர்த்துப் புதைக்கிறோமா? வெய்யோ, நீ காப்பிக் கோப்பைக்குள் பார்க்க வேண்டாம். என்னைப் பார்.

நானும் அவரைச் சந்தேகப்பட்டவன்தான். கொஞ்ச நஞ்சமல்ல. ஏரி வரைபடத்தை அவர் அறுபது கட்டங்களாகப் பிரித்து, ஒரு காப்பி டப்பாவில் அறுபது எண்களைப் போட்டுக் குலுக்கி, எந்த எண் வந்ததோ அந்தக் கட்டத்தில் வலை போடுவார். மீன் எங்கே கூடும் என்று என் வீட்டு நாய்க்குக்கூடத் தெரியும். இவரோ பாதிரிமுனைச் சேற்றில் வலை போட்டுவிட்டு, நமக்குச் சோறு போடும் வெண்மீன் குறைந்துவிட்டது என்கிறார். காதில் பூ சுற்றுகிறாரா? டப்பாவில் ஏதோ கைவேலை இருக்கிறது என்று சந்தேகப்பட்டு, ஒரு வருடம் நானே கையை விட்டு எடுத்தேன். வந்தது எட்டு. பாதிரிமுனை.

"அறிவு இருக்கா உனக்கு? அங்க எந்த மீனு இருக்கும்?" என்று கத்தினேன்.

"மீன் இருக்குற இடத்துல மட்டும் போட்டா, இருக்குன்னுதான் வரும், ஊர்போ. ஏரியே காலியானாலும் கடைசிக் கூட்டம் உன் வலையிலதான் விழும். நீயும் நிறைய இருக்குன்னுதான் சொல்லிக்கிட்டிருப்ப."

அவர் அளவுப் பலகையைச் சந்தேகப்பட்டேன். என் டேப்பை எடுத்துப் போய்ச் சரிபார்த்தேன். வேறொருவராக இருந்தால் முகம் சிவந்திருக்கும். அவரோ, "நல்லா அளந்து பாரு. தப்பா இருந்தா எனக்குத்தான் முதல்ல தெரியணும்" என்று சொல்லிப் பலகையை என் பக்கம் நகர்த்தினார். அதையும் நான் சந்தேகப்பட்டேன். இவ்வளவு நல்லவராக ஒரு மனிதர் இருக்க முடியுமா என்ன?

இப்போது ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஆகஸ்ட் மாதத்துக்கு வருகிறேன். அந்த வருடக் கணக்கைப் பொறுத்துத்தான் வெண்மீன் பிடிக்கத் தடை வருமா வராதா என்பது இருந்தது. காற்றினால் வேலை தள்ளிப்போய், கடைசி வலையை ஒரு சனிக்கிழமை போட்டார். சனிக்கிழமை மாலை இந்த ஊரே சவுனா நீராவிக் குளியலில் வெந்துகொண்டிருக்கும். ஏரியில் ஒரு படகு இருக்காது. என் படகு மட்டும் இருந்தது.

காலையில் நான் பிடித்து வைத்திருந்த பதினோரு வெண்மீன்களை அவர் வலையில் மாட்டினேன். ஆம், நான்தான். வெளிச்சம் நன்றாகவே இருந்தது. ஊர் பிழைப்புக்காகச் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒன்றை மறந்தேன். நம் வலைக்கு ஒரே அளவுக் கண். வாழ்நாள் முழுக்க அந்த ஒரு கண்ணைத்தான் கை அறியும். அவர் வலை பன்னிரண்டு துண்டுகள் சேர்த்துத் தைத்தது. துண்டுக்கு ஒரு கண் அளவு, குஞ்சு மீனுக்குச் சிறியது, பெரிய மீனுக்குப் பெரியது. நான் அவசரத்தில் வலையின் நுனியைப் பிடித்து, கைக்குக் கிடைத்த துண்டில் எல்லாவற்றையும் மாட்டிவிட்டேன்.

ஞாயிறு காலை கரையில் நாங்கள் பத்துப் பேர் நின்றிருக்க, அவர் வலையைப் பிரித்தார். முதல் மீனைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ரொம்பக் கெட்டிக்கார மீனுதான், ஊர்போ. சுண்டுவிரல் நுழையாத கண்ணுக்குள்ள இவ்வளவு பெரிய தலைய நுழைச்சிருக்கு."

"மீனு மனசு யாருக்குத் தெரியும்?" என்றேன் நான்.

பதினொன்றையும் பொறுமையாக அளந்து எழுதிக்கொண்டார். ஏமாந்துவிட்டார் என்று நினைத்து வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டேன். இலையுதிர்காலத்தில் கணக்கு வந்தது. வெண்மீன் குறைவு, இரண்டு கோடைக்குத் தடை. அந்த வலை பட்டியலிலேயே இல்லை. இதே மண்டபத்தில் எழுந்து நின்று, "பதினோரு மீனு விழுந்த வலை எங்க போச்சு? நாங்க பத்துப் பேரு கண்ணால பாத்தோமே" என்று கேட்டேன். எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள்.

"அந்த வலைய யாரோ கலைச்சிருக்காங்க. சேக்க முடியாது" என்றார்.

"யாரு?" என்று கேட்டது வெய்யோ.

"நீர்நாயா இருக்கும்" என்றார்.

மண்டபமே சிரித்தது. அன்றிலிருந்து ஒன்பது வருடம், "ஹூஸ்கோ ஒரு வலையை மறைத்தவர்" என்று இந்த ஊர் பேசியது. பேச வைத்தவன் நான். கடைக்காரர் அவருக்கு வணக்கம் சொல்வதை நிறுத்தினார். படகுத்துறையில் அவருக்கு உதவக் கை நீளவில்லை. வியாழக்கிழமைத் தீர்மானத்தின் முதல் வரியில் எழுதியிருக்கும் காரணமும் அதே மறைத்த வலைதான். படித்தேன். என் பொய் தட்டச்சில் பார்க்க மிக நேர்த்தியாக இருந்தது.

தடைக்குப் பிறகு வெண்மீன் கூடியது. தடையால்தானா என்று அவரிடமே கேட்டிருக்கிறேன். "தெரியல. ரெண்டு வசந்தமும் நல்லா அமைஞ்சுது, அதுவாவும் இருக்கலாம்" என்றார். தன் வெற்றியையே சந்தேகப்பட்ட மனிதரைத்தான் நான் பொய்யர் என்றேன்.

போன வாரம் அவருடைய தங்கை லஹ்யா என் வீட்டுக்கு வந்தார். ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, "இதுல நீங்க இருக்கீங்கன்னு நெனைக்கிறேன்" என்றார். அந்த வருடம், கடைசி வலை. அப்படியே வாசிக்கிறேன். "பதினோரு வெண்மீன், எல்லாம் சிறு கண்ணில். கையால் மாட்டியது. கணக்கில் சேர்க்கவில்லை. யார் என்று தெரியும். எழுத வேண்டாம், அவனே சொல்வான்."

அவனே சொல்வான். யாரையும் நம்பாமல் குலுக்கல் டப்பாவை மட்டும் நம்பிய பெண், இந்த ஒரு விஷயத்தில் என்னை நம்பியிருக்கிறார். ஒன்பது வருடம் காத்திருந்தார். அவர் உயிரோடிருக்கும்போது நான் சொல்லவில்லை. இதை வெட்கத்தோடு சொல்கிறேன், வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

நண்பர்களே, அந்த நீர்நாய் நான்தான். வெய்யோ, தீர்மானத்தின் முதல் வரியை அடித்துவிடு. மிச்சத்தை வைத்துக்கொண்டு வாக்கெடுங்கள் பார்க்கலாம்.

திங்கட்கிழமை ஆய்வு வலை போட வேண்டிய நாள். மாவட்டத்திலிருந்து புது ஆள் வரும்வரை படகு என்னுடையது. ஆனால் என்னை நம்பாதீர்கள். தயவுசெய்து நம்பாதீர்கள். படகில் இன்னும் இரண்டு பேருக்கு இடம் உண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு வந்து உட்காருங்கள். டேப்பும் கொண்டு வாருங்கள்.

லஹ்யா, பையிலிருக்கும் அந்த டப்பாவை எடுங்கள். நான் தொடமாட்டேன். நன்றாகக் குலுக்குங்கள். போதகர் எடுக்கட்டும், எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டட்டும்.

எட்டு.

பாதிரிமுனை. வெறும் சேறு. அங்கே ஒரு மீன்கூட இருக்காது, தெல்லெர்வோ. அங்கேதான் போடுகிறோம்.