பசித்த நத்தைக்கு ஒரு பகைவன் தேவை

அவையை அலங்கரிக்கும் தலைவர், ஆஸ்டின் டவுனின் ஆழ்கடல், அண்ணன் கோவிந்தராஜன் அவர்களே! வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் கடல்நீர் நிரப்பிப் பவளம் வளர்க்கும் எங்கள் பவளத் தொட்டிச் சங்கத்துக்காக, லிங்கராஜபுரத்துத் தேவாலயக் கூடத்தைத் திறந்துவிட்ட பங்குப் பெரியோர்களே! சந்தாபுராவிலிருந்து பஸ் மாறிப் பஸ் ஏறி வந்திருக்கும் தோழர்களே! கணவன்மார் வாளி வாளியாய் உப்புநீர் கலக்க, தரையைத் துடைத்தே தளர்ந்துபோன தாய்மார்களே! முன்வரிசையில் அமர்ந்து, ‘சீக்கிரம் முடி’ என்று கண்ணாலேயே கட்டளையிடும் என் மனைவி கேத்தரினே! அனைவருக்கும் ஞானசேகரனின் அன்பு வணக்கம்.

‘தொல்லை தரும் கடல் சாமந்தியைத் தொலைப்பது எப்படி?’ இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. தந்தவர்கள் தெளிவாகத்தான் தந்தார்கள். வாங்கிய நான்தான் குழம்பிப்போய் நிற்கிறேன். தொலைத்துவிட்டேன் என்று மகிழ்வதா, தொலைத்துவிட்டேனே என்று அழுவதா?

பெயர்தான் சாமந்தி. பூவா அது? கடற்பிராணி! பூவைப்போல விரியும், புலியைப்போலப் பிடிக்கும்! ஐப்டேசியா என்று நாம் அழைக்கும் அந்தப் பழுப்பு நிறப் பாதகன், பக்கத்தில் இருக்கும் பவளத்தையெல்லாம் கொட்டியே கொல்லுவான். தொட்டால் பாறைப் பொந்துக்குள் பதுங்குவான். சரி, என் தொட்டிக்குள் வந்தவனை வெட்டுவோம் என்று நான் கத்தி எடுத்தேன். வெட்டினேன். ஒட்டியிருந்த ஒவ்வொரு துணுக்கும் ஒரு புதுச் சாமந்தியாய் எழுந்தது! எலுமிச்சைச் சாற்றை ஊசியில் ஏற்றிக் குத்தினேன். சமையலறையில் ரசத்துக்கு எலுமிச்சை இல்லாமல் போனதே தவிர, சாமந்தி போகவில்லை.

“சும்னே சுத்தாதீங்கண்ணா, விஷயத்துக்கு வாங்க!” என்கிறார் பின்வரிசையில் தம்பி டேரில். வருகிறேன் தம்பி, வந்துகொண்டேதான் இருக்கிறேன்.

கடைசியில் வந்தன என் வீட்டுக்குக் கடல் நத்தைகள். ஓடில்லாத உடல், ஒரு விரல் நகத்தளவு உருவம். அவை உண்பது இந்த ஐப்டேசியாவை மட்டும்தான். சத்தமில்லாமல் தின்றன, சலிக்காமல் தின்றன, சாமந்தியின் சுவடே இல்லாமல் தின்று தீர்த்தன. கேத்தரின் கைதட்டினாள். நான் தொட்டிக் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, “வென்றோம்!” என்றேன்.

வென்றது யார்? வெற்றி பெற்ற வீரர்களுக்கு மறுவேளை உணவு எங்கே? மீன் தீனி போட்டேன், தொடவில்லை. இறாலை அரைத்து வைத்தேன், ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பகைவன் ஒழிந்தான், பசி வந்தது. இதோ, இந்த மேசைமேல் இருக்கும் டப்பாவில் அவை சுருங்கிச் சுருங்கிக் கிடக்கின்றன. என் தொட்டியைக் காத்தவை என் கண்ணெதிரே பட்டினி கிடந்து சாவதா? எனக்குத் தாங்கவில்லை ஐயா, உண்மையாகவே தாங்கவில்லை.

சங்கத்தார் எல்லோருக்கும் போன் செய்தேன். “உங்கள் தொட்டியில் ஐப்டேசியா உண்டா?” என்று கேட்டேன். “எங்க தொட்டியிலயா? ஐயையோ! கண்ணாடி மாதிரி வெச்சிருக்கோம் சார்!” ஒருவர் அல்ல, அத்தனை பேரும் அதையே சொன்னார்கள். ஏன் சொல்ல மாட்டார்கள்? இன்று மாலை இதே மேடையில், ‘தூய தொட்டி’க் கேடயம் தரப்போகிறோமே! வீடு வீடாகப் போய்ப் பார்த்த தேர்வுக் குழுவுக்கே ஒரு சாமந்தியும் தென்படவில்லையாம்.

இங்கேதான் என் குழப்பம் முற்றுகிறது. நம் சங்கத்தின் வழக்கம் என்ன? புதிதாகச் சேர்பவருக்கு ஒரு டப்பாவில் பவளத் துண்டு கொடுப்போம். வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவோமா? தமிழர் வீட்டில் அது நடக்குமா? அதனால் அவர் தன் தொட்டியிலிருந்து ஒரு துண்டு வைத்துத் திருப்புவார். முதலில் கொடுத்தவர் அதை அடுத்த வீட்டுக்குக் கொடுப்பார். பவளம் போனது, பவளம் வந்தது. பவளத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு பாதகனும் போனான், பாதகனும் வந்தான்! என் வீட்டுக்கு வந்த டப்பா தலைவர் வீட்டு டப்பா. அப்படியென்றால் என் வீட்டில் இருந்தது தலைவர் வீட்டில் இல்லாமல் போனது எப்படி? தலைவரே, வியர்வையைத் துடைக்க வேண்டாம், மின்விசிறியைக் கூட்டச் சொல்கிறேன்.

பொறுங்கள்… தாய்மார் பக்கத்தில் யாரோ எழுகிறார்கள். தலைவரின் துணைவியார் ஸ்வர்ணா அம்மையார்! பேசுங்கள் அம்மா.

“எங்க வீட்லதான் சார் இருக்கு, நெறய இருக்கு. கமிட்டி வர்றாங்கன்னு இவரு பெரிய கல்லு ஒண்ண எடுத்து முன்னாடி வெச்சு மறைச்சாரு. மறைஞ்சது அது மட்டுமா? எம் பச்சைப் பவளமும் சேந்து மறைஞ்சுபோச்சு. லைட்டே படாம வெளுத்துட்டு வருது. கல்ல எடுங்கன்னா, ‘ஃபங்ஷன் முடியட்டும் ஸ்வர்ணா’ங்கறாரு. அதுவரைக்கும் அது தாங்குமா சார்?”

கேட்டீர்களா சபையோரே! பகைவனை மறைக்க வைத்த கல், பவளத்தின் தலையிலல்லவா விழுந்திருக்கிறது! ஒரு வீட்டில் உணவின்றி நத்தை சாகிறது. ஒரு வீட்டில் ஒளியின்றிப் பவளம் சாகிறது. நடுவே நிற்பது என்ன? நம்முடைய மானமா? ஒரு கேடயமா? வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன், யார் வீட்டில் இருக்கிறது ஐப்டேசியா? கையைத் தூக்குங்கள்!

அதோ தலைவர் கை எழுகிறது! டேரில் தம்பி, உனக்குமா? இரண்டு கையையுமா தூக்குவது? சந்தாபுரா வரிசை முழுக்கக் கைகள்! தேர்வுக் குழுவே கை தூக்குகிறதே, கடவுளே! சற்று முன்வரை கேட்க ஆளில்லை. இப்போது இருக்கும் நத்தைக்கு இத்தனை வீடா? பிரித்தால் அவை பெருகாது. கூட்டமாய்த்தான் வாழும், வளரும். முதலில் எந்த வீடு? அடுத்து எந்த வீடு? கேடயத்தை யாருக்குத் தருவது? எனக்கு ஒன்றும் புரியவில்லை!

ஆனால் தலைவருக்குப் புரிந்துவிட்டது போலிருக்கிறது. மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டார். டப்பாவை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார். “ஸ்வர்ணா, ஆட்டோ புடி. ஆட்டாம எடுத்துட்டுப் போணும். போனதும் மொதல்ல கல்ல எடுக்கறேன்” என்கிறார். தலைவரே, தலைமையுரை? போய்விட்டார்!

தலைவரில்லாத கூட்டத்தை எப்படி முடிப்பதென்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பொறுமையாய்க் கேட்டவர்களுக்கு நன்றி. கை தூக்கியவர்களுக்கு அதைவிடப் பெரிய நன்றி. கூட்டம் குழம்பட்டும், நத்தைகள் சாப்பிடட்டும். வணக்கம்!