மணிக்குள் எழுதிய பெயர்கள்

— தேய்ச்சது போதும் ரெவி. பத்து மணிக்குப் பாதிரியார் வந்துடுவார். மணியை மல்லாத்தி வை, தண்ணி ஊத்தணும். என் கொள்ளுப்பேரனுக்கு ஞானஸ்நானம், புரியுதா?

— புரியுது கேப்டன் கேரோ. கப்பல்காரன் வீட்டுக் குழந்தைக்குக் கப்பல் மணியிலதானே தண்ணி. அதுக்கு முன்னால மணிக்குள்ள ஒரு தடவை பாருங்களேன்.

— என்ன இருக்கும்? நம்ம கப்பல் 'தோரெரே'வோட மணியில ஞானஸ்நானம் வாங்கின பிள்ளைங்க பேரு. மொத்தம் ஒன்பது.

— இப்ப இருபத்தாறு.

— என்னது?

— பதினேழு பேரு நான் பொறிச்சேன். மூணு வாரமா.

— பூட்டின கோயிலுக்குள்ளயா? சாவி என் வீட்டுலல்ல இருக்கு!

— அதுக்கு அப்புறம் வர்றேன். படிங்க கேப்டன்.

— 'டாமி வாட்லிங், ஆறு வயசு'... வாட்லிங்னா நம்ம சமையல்காரன்?

— அவன் பையன். ரத்தப் புத்துநோய். அதுக்குக் கீழ, மெரே. என் பொண்ணு. பதினோரு நாள் இருந்தா. அந்தக் குண்டுச் சோதனைக்குப் போயிட்டு வந்த நம்ம ஆளுங்க பறிகொடுத்த பிள்ளைங்கதான் பதினேழும்.

— இதுக்கு நான் என்ன செய்ய? அணுகுண்டை வெடிக்க வெச்சவன் இங்கிலாந்துக்காரன். நியூசிலாந்துக் கப்பல் சும்மா சாட்சிக்குப் போச்சு. எனக்கு வந்தது உத்தரவு, புரியுதா?

— முதுகைத் திருப்பி உட்காரச் சொன்னீங்க, உட்கார்ந்தோம். கண்ணைப் பொத்தச் சொன்னீங்க. பொத்தின கையில என் எலும்பே எனக்குத் தெரிஞ்சுது. அதைக்கூட விடறேன் கேப்டன். மேகம் நம்ம பக்கம் திரும்பி மழை கொட்டுச்சே, அப்ப நான் என்ன கேட்டேன்?

— உள்ள போகலாமான்னு கேட்ட.

— நீங்க?

— பதினாறு நாளா எல்லாருக்கும் உப்புத் தண்ணிக் குளியல். உடம்பெல்லாம் புண்ணு. சோப்பை எடுத்துக்கிட்டு மேல வாங்கடான்னேன். குதிச்சுக் கூத்தாடித்தானே குளிச்சீங்க!

— ஆமா. பாட்டு வேற பாடினோம்.

— நானும் அதே மழையிலதான் குளிச்சேன். எனக்கு என்ன ஆயிடுச்சு? எண்பத்திரண்டு வயசு, கல்லு மாதிரி நிக்கிறேன்.

— அதான் கேப்டன் என் வயித்தெரிச்சலே. முப்பத்தொம்பது வருஷமா, இந்த ஆளுக்கு மட்டும் ஒண்ணும் ஆகலையேன்னு வெந்துக்கிட்டே இருக்கேன்.

— சுரண்டி எடு இதை. இப்பவே!

— வெண்கலம். பத்து மணிக்குள்ள ஆகாது. நம்ம கோயில் முறை உங்களுக்குத் தெரியும். தண்ணி ஊத்துறதுக்கு முன்னால, உள்ள இருக்கற பேரெல்லாம் வீட்டுப் பெரியவர் சத்தமா படிக்கணும். உங்க மகன், பேரன், பழைய கப்பல்காரங்க எல்லாரும் இருப்பாங்க. நான் முதல் வரிசையில இருப்பேன். ஒரு பேரை முழுங்கினாலும் எழுந்து நின்னு கேப்பேன்.

— பழி வாங்கற.

— ஆமா. அதுல ஒளிக்க என்ன இருக்கு?

— இரு... கடைசியில இது யாரு? 'ஹேசல் கேரோ'... கப்பல்ல கேரோன்னு நான் ஒருத்தன்தானே!

— மழையில குளிச்சிட்டு வந்த மறு வருஷம், உங்க வீட்டுல ஒரு குழந்தை செத்துப் பிறந்துச்சாமே. உங்க வீட்டம்மாகிட்ட, 'நீ குதிரை ஏறினதாலதான்'னு சொன்னீங்களாமே.

— அது... அது எனக்கும் ஈனிடுக்கும் மட்டும்தான் தெரியும். அந்தக் குழந்தைக்கு நாங்க பேரே வெக்கலையே!

— அவங்க வெச்சிருக்காங்க கேப்டன். போன மாசம் அந்த மழைக் கதையை நான் சொன்னதும், எழுந்து போய் இந்தச் சாவியைக் கொண்டுவந்து என் கையில வெச்சு, 'அவர் வாயாலயே படிக்கட்டும்'னு சொன்னாங்க.